மூன்று பேருக்கு அளவான ஆபத்து

செங்கல்பட்டில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஒரு பெரிய சாப்பாட்டு மேசை இருந்தது. வாசல் வழியாக வெளியே எடுக்க முடியாததால் வீட்டுக்காரர் அதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். சுற்றிலும் ஆறு நாற்காலிகள். என்னோடு தங்கியிருந்த தோழி கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போன பிறகு, மேசையின் ஒரு ஓரத்தில் மடிக்கணினியை வைத்து அலுவலகம் போகாத நாட்களில் வேலை பார்ப்பேன், எதிர் ஓரத்தில் சாப்பிடுவேன். திண்டுக்கல்லிலிருந்து அம்மா போனில் கேட்பார், "ஒத்தையாளுக்கு எதுக்குடி அம்புட்டுப் பெரிய வீடு?" ஏரிக்காற்று நன்றாக வருகிறது என்று சொல்லுவேன். காற்று வந்தது என்னவோ உண்மைதான். ஆனால் மேசைக்காகத்தான் இருந்தேன்.

கோயம்புத்தூரில் படிக்கும்போது விடுதியில் ஓர் ஆட்டம் பழகியிருந்தேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசியே ஆடுகிற ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள்: வாள்வீரர், திருடன், வைத்தியர் என்று. "எதிரில் இடிந்த பாலம், கீழே வெள்ளம், என்ன செய்வீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். ஒருவர் தாண்டுகிறேன் என்றால், தாண்டினாரா விழுந்தாரா என்பதை இருபது பக்கமுள்ள ஒரு பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளி என்று ஒன்று உண்டு. அடிபட்டால் குறையும். தீர்ந்துபோனால் பாத்திரம் சாகும், செத்தால் திரும்பி வராது. ஒரே பாத்திரத்தை வருஷக்கணக்கில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் எப்போதும் நடத்துகிற ஆள். எதிரில் எதை நிறுத்துவது, எத்தனை நிறுத்துவது என்பதெல்லாம் நடத்துபவர் பொறுப்பு. கொஞ்சம் கூடிப்போனால் எல்லோரும் செத்துப்போவார்கள். கொஞ்சம் குறைந்தால் கொட்டாவி விட்டுக்கொண்டு போனைப் பார்ப்பார்கள்.

செங்கல்பட்டுக்கு வந்த புதிதில் அலுவலகத்தில் நாலு பேரைச் சேர்த்தேன். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை, இதுவும் பிடிக்கும் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை ஆளில்லாத கூட்ட அறையில் உட்கார்ந்தோம். முதல் சண்டை எளிதாக இருக்கட்டும் என்று பூனை உயரத்தில் ஆறு குட்டிப் பிசாசுகளை வைத்தேன். ஒவ்வொன்றும் ஓரடி தாங்காது. டீ வருவதற்குள் நாலு பேரும் செத்துப்போனார்கள். சிரித்தார்கள், "செமையா இருந்துச்சு" என்றுகூடச் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை ஒருவருக்கு மாமியார் வந்துவிட்டார், ஒருவருக்கு வண்டி சர்வீஸ், மற்ற இருவரும் பதிலே போடவில்லை. பிறகு நானும் கேட்கவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடும்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்துவிடுவார்களோ என்று சீக்கிரமே எழுந்து கைகழுவப் போய்விடுவேன்.

எங்கே தப்பு என்பது ரயிலடியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த ஒரு சாயங்காலம் புரிந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு கருப்பு நாய் உண்டு. பெரிய நாய், ஆனால் அதட்டினால் விலகிப்போகும். அன்றைக்கு அதோடு வேறு தெரு நாய்களும் சேர்ந்திருந்தன. எல்லாம் எலும்பும் தோலுமான நோஞ்சான்கள். கருப்பு நாயை நோக்கிப் பையை ஓங்கினேன். அதற்குள் ஒன்று பின்னாலிருந்து துப்பட்டாவைக் கவ்வியது. அதன் பக்கம் திரும்பினால் இன்னொன்று காலுக்கு வந்தது. பேக்கரிக்காரர் ஒரு வாளித் தண்ணீரை வீசி விரட்டியிராவிட்டால் கடி வாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். ஒவ்வொரு பிசாசுக்கும் எவ்வளவு பலம் என்று பார்த்தேனே தவிர, நாம் ஒருமுறை கையை ஓங்குவதற்குள் அவை எத்தனை முறை பாயும் என்று பார்க்கவே இல்லை. ஒரு பூதத்தை நாலு பேர் சூழ்ந்துகொண்டால் பூதம் பாவம். நாலு பேரை ஆறு நோஞ்சான்கள் சூழ்ந்துகொண்டால் கதை முடிந்தது. இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். நாய் துரத்தியது என்று சொன்னால் பதறுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். பிசாசுக் கணக்கு புரிந்தது என்று சொன்னால் கேட்பதற்கு யாரும் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு விளக்கைப் போட்டேன்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்திருந்தேன். கைப்பையில் கிடந்த பகடையை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தபோது குளுக்கோஸ் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ் நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா அது? ஜெப மணியா?"

என்னவென்று சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எங்க, நான் உருட்டறேன். எதுனா வெச்சி வுடு."

அவளுக்குச் சொந்த ஊர் சதுரங்கப்பட்டினம். கோட்டை இடிபாட்டுக்குப் பக்கத்துத் தெரு. அவள் அப்பாவும் அம்மாவும் முன்பு அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள், அவள் படித்து நர்ஸ் ஆகியிருந்தாள். அவளை ஒரு கிணற்றுக்குள் இறக்கி ஒரு பாம்போடு சண்டை போட வைத்தேன். பாம்பு செத்தது. "அய்யோ, வார்டு ரவுண்ட்ஸு!" என்று எழுந்து ஓடினாள். நான் வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு அழைப்புமணி அடித்தது. அந்த நர்ஸ்தான், ஆஸ்பத்திரிச் சீட்டில் விலாசம் பார்த்து வந்திருந்தாள். கூட ஒருவனையும் அழைத்து வந்திருந்தாள். அவளோடு பள்ளியில் படித்தவன், மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. அறையைக் காலி செய்த வெளிநாட்டுக்காரர் யாரோ இதே ஆட்டத்தின் விதிப்புத்தகத்தை விட்டுவிட்டுப் போக, இரண்டு வருஷமாக அதை வைத்துக்கொண்டு தனியாகப் படித்துக்கொண்டிருந்தானாம்.

"படிச்சிகினே கீறேங்க்கா, ஆட ஆளில்ல," என்றான். டீ போடும் சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது ஆள் தானாக வந்தார். கீழ்வீட்டில் தனியாக இருந்த கணக்கு வாத்தியார். ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். மனைவி தஞ்சாவூரில் வேலையில் இருந்தார், மகள் அங்கே படித்தாள். இவருக்கு வேலை இங்கே. எங்கள் நாற்காலிச் சத்தம் தாங்காமல் ஒரு ஞாயிறு மேலே ஏறி வந்தவர், வாசலில் நின்றபடியே பகடையைப் பார்த்தார்.

"இருபது பக்கமா? எல்லாப் பக்கமும் ஒரே வாய்ப்போட விழுமா?"

"விழும் சார்."

"உள்ள வரலாங்களா?"

நர்ஸ் கோடரி வீரியாக இருந்தாள். ஹோட்டல்காரன் திருடன். வாத்தியார் வெகுநேரம் யோசித்து ஒரு வைத்தியரைத் தேர்ந்தெடுத்தார். வயதான, ஒரு கால் தாங்கி நடக்கிற, பயந்த சுபாவமுள்ள வைத்தியர். வைத்தியர் பேசும்போது வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொள்வார். எல்லோரும் அவரை சார் என்றோம். ஆட்டத்துக்குள்ளும் அதுவே அவர் பெயராகிவிட்டது.

ஒன்றரை வருஷம் போல ஞாயிறு மதியங்கள் அப்படி ஓடின. திங்கள் முதல் சனி வரை அந்த மதியத்துக்காகத்தான் நான் ஆயத்தம் செய்தேன். அலுவலக வேலை முடிந்ததும் அடுத்த வாரச் சண்டையை மேசையில் பரப்பி, மூன்று பேர் இடத்திலும் நானே மாறி மாறி உட்கார்ந்து ஆடிப்பார்ப்பேன். கோடரி வீரியின் நாற்காலியில் உட்கார்ந்தால் அவளைப்போல யோசிப்பேன், நேராகப் போய் அடிப்பேன். சாரின் நாற்காலிக்குப் போனால் அவருடைய வைத்தியரைப்போல மற்றவர்களுக்குப் பின்னால் ஒதுங்குவேன். யாராவது சாகிற மாதிரி வந்தால், எதிரிகளில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி ஆடுவேன். மறுபடியும் சாகிற மாதிரி வந்தால் இன்னொன்றை எடுப்பேன். கூட்ட அறையில் நடந்தது இந்த மேசையில் நடந்துவிடக் கூடாது. பாத்திரம் செத்தால் ஆளும் வராமல் போவார் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது.

ஆட்டத்தின்போது பழைய காலண்டர் அட்டையை மடித்துத் தடுப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால்தான் எதிரிகளின் பகடையை உருட்டுவேன். நடத்துகிற எல்லோரும் செய்வதுதான். மேசையில் நிலைமை மோசமானால் அட்டைக்குப் பின்னால் எனக்குப் பார்வை மங்கிவிடும், பதினெட்டு விழுந்தாலும் எட்டு என்று படிப்பேன். அவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது.

ஒரு ஞாயிறு, எரிமலைக் குகையில் ஒரு நாகத்தைக் கொன்றார்கள். நான் வாரம் முழுக்க உழைத்து உண்டாக்கிய நாகம். செத்ததும் ஹோட்டல்காரன் கை தட்டினான். நர்ஸ் தட்டவில்லை. பகடையை மேசைமேல் சுழற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"நான் இன்னிக்கி ஒண்ணுமே சரியா பண்ல. நேரா போயி வாய்ல நின்னேன். அது என்னிய முழுங்கிருக்கணும். நீ வுடல."

"பகடை அப்படி விழுந்துச்சு."

"அட போக்கா." கோபமில்லாமல்தான் சொன்னாள். "வார்டுல நான் இன்னா பண்ணாலும் சில பேரு போயிடறாங்க. எல்லாத்தையும் கரெக்டா பண்ணிருப்போம், காலைல வந்தா பெட்டு காலியா கீது. இங்க இன்னாடான்னா, நான் இன்னா தப்பு பண்ணாலும் யாரும் சாவறதில்ல. ரெண்டு எடத்துலயும் நான் பண்றதுக்கு மதிப்பே இல்லியே."

ஹோட்டல்காரன், "ஏய், வுடு," என்றான். சார் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். ஆறுதலாக அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவருக்கும் அதே எண்ணம்தான் என்று தெரிந்துகொண்டேன்.

அவர்கள் போன பிறகு மேசையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறேன், இன்னும் என்ன வேண்டும் இவர்களுக்கு என்று. அந்த வாரம் மேசையில் எதையும் பரப்பவில்லை. புதன்கிழமை வாக்கில், அவள் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள முடிந்தது. அதற்காக நாலு நோஞ்சான் நாய்களை அவிழ்த்துவிட்டு எல்லோரையும் கொன்றால் அதிலும் அவள் செய்வதற்கு மதிப்பில்லை. தப்பிக்க வழி இருக்க வேண்டும். ஆபத்து எங்கே இருக்கிறதென்று முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரிந்தும் உள்ளே போனால் அது அவர்கள் முடிவு.

எப்படித் தெரியவைப்பது என்பதில் மாட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ஹோட்டல்காரன் தாமதமாக வந்தான். முகமெல்லாம் வாடியிருந்தது.

"பேஜாருக்கா இன்னிக்கி. கெஸ்ட்டு ஒருத்தரு கடல்ல எறங்கிட்டாரு. டெய்லி தொண்ட கிழிய சொல்றேன், இங்க குளிக்காதீங்க சார், இஸ்துகினு போயிடும்னு. 'அலையே இல்லியேப்பா'ன்றாரு. அல இல்லாத எடத்துலதாங்க்கா உள்ளாற இழுப்பு இருக்கும். படகுக்காரங்க பாத்துட்டு குதிச்சி இஸ்துகினு வந்தாங்கோ. கரைல ஒக்காந்துகினு என்னிய கேக்குறாரு, 'இதுக்கெல்லாம் ஒரு போர்டு வெக்கக் கூடாதா?' போர்டுக்குக் கீழதான் ஒக்காந்துகினு கீறாரு!"

சார் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று இரவு சமைக்கும்போது அந்தப் பலகை மனதிலேயே நின்றது. ஒருமுறை சொன்னால் காதில் ஏறாது. வேறு வேறு விதமாகச் சொல்ல வேண்டும், கண்ணால் பார்க்கும்படியும் ஏதாவது இருக்க வேண்டும். அதற்கு மேலும் இறங்குகிறவர் இறங்கட்டும்.

அப்படித்தான் கடற்கோட்டையை உண்டாக்கினேன். இடிந்த கோட்டை, அதன் அடியில் கடல்நீர் ஏறியிறங்கும் பாதாள அறைகள். கடைசி அறையில் ஒரு படகோட்டி சிறைப்பட்டிருக்கிறான், அவனை மீட்க வேண்டும். அறைகளில் மாட்டு வண்டி அளவு நண்டுகள். இறங்கும் வழியில் நடுவில் முறிந்த துடுப்புகள். சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஈரக்கறை. கோட்டை வாசலில் வலை பின்னும் ஒரு பெண், தண்ணீர் ஏறத் தொடங்கினால் திரும்பிவிடுங்கள் என்று சொல்லுவாள். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் ஒரு படி ஏறும்.

இந்த முறை தனியாக ஆடிப்பார்த்தபோது எந்த நண்டையும் எடுக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் அட்டையை மடித்து அலமாரிமேல் போட்டேன். "இனிமே எல்லாப் பகடையும் உங்க கண் முன்னாலதான்," என்றேன். ஹோட்டல்காரன் விசிலடித்தான். நர்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. அவ்வளவு அமைதியாக அவர்கள் ஆடி நான் பார்த்ததில்லை. முறிந்த துடுப்பைப் பற்றிச் சொன்னதும் சார், "எது முறிச்சிருக்கும்? வெட்டுப்பட்டிருக்கா, நசுங்கியிருக்கா?" என்று கேட்டார். நசுங்கியிருக்கிறது என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈரக்கறையைச் சொன்னபோது திருடன் திரும்பிவிடலாமா என்றான். ஒரு நிமிஷம் பேசினார்கள். படகோட்டியை விட்டுவிட்டு வர மனசில்லை. இறங்கினார்கள்.

படகோட்டியை மீட்டும்விட்டார்கள். திரும்பும்போதுதான் நண்டுகள் வந்தன. திருடன் முதல் இடுக்கியிலேயே சிக்கி நினைவு தப்பி விழுந்தான். வீரி கோடரியை விட்டெறிந்துவிட்டு அவனைத் தோளில் போட்டுக்கொண்டாள். படிக்கட்டின் அடியில் ஓர் இரும்புக் கதவு, தூக்கிப் பிடித்தால்தான் ஆள் நுழையலாம். வைத்தியர் அதைப் பிடித்தார். படகோட்டி போனான். வீரி திருடனோடு போனாள். தண்ணீர் வைத்தியரின் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"இப்ப நான் நுழையணும்னா?"

"கதவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நீங்களும் நுழையணும். பதினொண்ணு, இல்ல அதுக்கு மேல விழணும்."

சார் பகடையைக் கையில் வைத்து ஊதினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. உருட்டினார். ஏழு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடுமேசையில் கிடந்த அந்த எண்ணைப் பார்க்காததுபோல் இருக்க வழியே இல்லை. கதவு விழுந்தது, இரண்டு நண்டுகள் நெருங்கின என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. நர்ஸைப் பார்த்துச் சொன்னேன்: "நீ மேல் படியில நிக்கிற. திருடனுக்கு ரத்தம் போய்க்கிட்டிருக்கு. அவனைக் கீழ வச்சுட்டுப் போய் கதவைத் தூக்கலாம். இல்லன்னா அவனைத் தூக்கிக்கிட்டு மேல போகலாம். ரெண்டுக்கும் நேரமில்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வைத்தியரின் குரலில் சார் சொன்னார், "போம்மா. நில்லாத."

"சும்மா இரு சார்!" என்று கத்தினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மேல போறேன்," என்றாள்.

நண்டுகளின் பகடைகளை உருட்டினேன். இரண்டும் பெரிய எண்கள். வைத்தியர் செத்துப்போனார்.

சார், "சரிங்க," என்றார். தன் பகடைகளைச் சின்னத் துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டார். டம்ளர்களைக் கழுவினார். எப்போதும்போல "வர்றேன்" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனார்.

மற்ற இருவரையும் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய்விட்டேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் வண்டிக்காகக் கூரைக்குக் கீழே நின்றோம். நர்ஸின் கண் சிவந்திருந்தது.

"ரொம்பக் கஷ்டமா ஆயிடுச்சா?" என்று கேட்டேன்.

"டூட்டில இதெல்லாம் நான் முடிவு பண்றதில்லக்கா. டாக்டரு சொல்வாரு, நான் ஓடுவேன். இன்னிக்கி நான் பண்ணேன்." மூக்கை உறிஞ்சினாள். "நல்லாதான் இருந்திச்சி. ஆனா சாரு மூஞ்சியப் பாக்க முடில."

அடுத்த ஞாயிறு சார் வரவில்லை. வெளியூர் போயிருந்தால்கூடச் சமாதானமாகியிருப்பேன். கீழே குக்கர் விசில் கேட்டது. செய்தி வாசிக்கும் குரல் கேட்டது. மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஹோட்டல்காரன் போன் செய்தான், மணி அடிப்பது கீழேயிருந்து எங்களுக்கே கேட்டது. அவர் எடுக்கவில்லை. சீக்கிரமே ஆட்டத்தை முடித்தோம்.

அந்த வாரம் முழுக்க நான் படியிறங்கும்போது அவர் கதவைத் தாண்டி வேகமாகப் போனேன். அலுவலகக் கூட்ட அறை மறுபடி ஞாபகம் வந்தது. சாயங்காலங்களில் கோட்டையை மறுபடி மேசையில் பரப்பினேன். எண்களை மாற்றவில்லை, அப்படியே ஆடினேன். ஒருமுறை வைத்தியர் பிழைத்தார். ஒருமுறை எல்லோரும் மூழ்கினார்கள். சாரின் நாற்காலியில் உட்கார்ந்து பகடையை ஊதி உருட்டியபோது பத்தொன்பது விழுந்தது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் நடத்திய சண்டை சரியான அளவில்தான் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. சரியாக இருந்தும் அவர் வரவில்லையே.

சனிக்கிழமை காலை போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார். பின்னால் கூடத்தில் அட்டைப்பெட்டிகள். பாதிப் பாத்திரங்கள் செய்தித்தாளில் சுற்றியிருந்தன.

"வாங்க வாங்க. நானே மேல வரணும்னு இருந்தேன்."

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்துவிட்டதாம். மாசக்கடைசியில் போகிறாராம். மகள் பிளஸ் டூ வரும் நேரத்துக்குக் கூட இருக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக முயற்சி செய்துகொண்டிருந்தாராம். சந்தோஷம் சார் என்றேன். அது நிஜமான சந்தோஷமும்தான்.

"முன்னாலயே தெரியுமா சார்?"

"ஒரு மாசமாத் தெரியும். சொன்னா நீங்க ஆட்டத்தை எனக்காக மாத்திடுவீங்கன்னு சொல்லலை."

"அப்ப அன்னைக்குப் போறோமேன்னுதான் கதவைப் பிடிச்சீங்களா? முடிச்சுக்கலாம்னு?"

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "சேச்சே! பிழைச்சுடலாம்னுதான் பிடிச்சேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்துச்சே." ஒரு டம்ளரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "சிரிக்காதீங்க. ரெண்டு நாளைக்குச் சோறு இறங்கலை. என் வீட்டம்மா போன்ல கேக்குறாங்க, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குன்னு. எங்க வைத்தியர் செத்துட்டாருன்னா என்ன நினைப்பாங்க? ஜலதோஷம்னு சொல்லிட்டேன்," என்றார்.

"அதனாலதான் போன ஞாயிறு வரலையா?"

"வந்தா புதுசா ஒரு ஆளை உண்டாக்கணும். ரெண்டு வாரம் ஆடிட்டு அவனையும் விட்டுட்டுப் போகணும். மனசு வரலைம்மா." டம்ளரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "நீங்க வருத்தப்படாதீங்க. நல்ல சண்டை அது. இறங்கறப்பவே தெரியும் எங்களுக்கு," என்றார்.

நான் உட்கார்ந்து பாத்திரங்களைச் சுற்றிக் கொடுத்தேன். நாஸ்தா பண்ணிட்டியா, வேணுமா என்று நர்ஸ் கேட்கிற மாதிரியே குரலை மாற்றிக் கேட்டார். சிரித்தோம். இட்லி கொடுத்தார்.

அவர் போனது ஒரு வேலைநாள் காலை. சின்ன லாரி வந்திருந்தது. எனக்கு அலுவலக அழைப்பு, ஹெட்போனைக் காதில் மாட்டியபடியே இறங்கினேன். இரண்டு பக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். யாரோ என் காதுக்குள் ஏதோ பிழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் சரியாக விடைகொடுக்கக்கூட முடியவில்லை. அவர் கையசைத்தார். லாரி ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது.

கீழ்வீட்டுக்கு வெகுநாள் யாரும் வரவில்லை. குக்கர் சத்தம் இல்லாத ஞாயிறுகள். மூன்று பேருக்கான சண்டையை இரண்டு பேருக்கு மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓர் ஆள் போனால் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது என்று நினைத்து நண்டில் ஒன்றைக் குறைத்தால் போதாது. விழுந்தவரைத் தூக்க ஒருவர், தூக்கும்வரை தடுக்க ஒருவர் வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்குவாரா, தடுப்பாரா? வாரநாள் சாயங்காலங்களில் இரண்டு நாற்காலிக்கு நடுவே மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலும் இருவரும் செத்தார்கள்.

வைத்தியருக்குப் பதிலாக ஒரு துணைப் பாத்திரத்தை நானே சேர்த்து ஆடலாம், விதியில் இடமிருக்கிறது. சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் மறுத்துத் தலையாட்டினாள். "வேணாங்க்கா. நாங்க ரெண்டு பேரே பாத்துக்குறோம்."

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு, மலைக் கணவாயில் கொள்ளையர்களை வைத்திருந்தேன். பாறைமேல் வில்லோடு ஆட்கள், வழியில் எரிந்துபோன வண்டி, தொலைவில் புகை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஓடிடலாமாடா?" என்றாள் நர்ஸ்.

"எத்தினி பேரு கீறாங்கன்னு பாத்தியா? ஓடிடலாம்," என்றான்.

இதுவரை அவர்கள் ஓடியதே இல்லை. பகடையை உருட்டினார்கள். அம்புகள் துரத்தின, ஒன்று அவள் தோளில் பட்டது. வளைந்து நெளிந்து ஆற்றில் குதித்து, உயிரோடு அக்கரை ஏறினார்கள். வாரம் முழுக்க நான் உண்டாக்கிய கொள்ளையர் தலைவன் வாயே திறக்கவில்லை. இருவரும் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்கள். ஹோட்டல்காரனுக்குப் புரையேறியது.

சாருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினோம், மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசி. மகள் பரீட்சை நேரமோ என்னவோ, பதில் உடனே வரவில்லை.

பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். அடுத்த வாரம் அவளுக்கு டூட்டி. அவனுக்கு ஹோட்டலில் கூட்டம் தொடங்கிவிட்டது. அதற்கடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். மாமல்லபுரம் வண்டி வந்து அவர்கள் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் பேக்கரியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.